ரதி கல்யாணத்தன்று அளந்த நட்சத்திரம்

தூணைக் கட்டியது நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் மருமகள் தொலைநோக்கி வைத்து நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அளக்கிறாள் என்பது இன்று பதுளை டவுனிலும் நாலு பேருக்குத் தெரியும். அந்தத் தொலைநோக்கி ஒரு நூல்கூட அசையாமல் நிற்க வேண்டும் என்று மாடித் தளத்தைத் துளைத்து, கீழ்ச் சுவரிலிருந்தே கம்பி எடுத்து, கொங்கிரீட் போட்டு, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து ஆளுயரத் தூண் எழுப்பியது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. மேசனைக் கூப்பிடவில்லை. நானே செய்தேன்.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவன் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கொழுந்து லொறியில் கிளீனராக ஏறினேன், டிரைவராக இறங்கினேன், பிறகு லொறிக்கே சொந்தக்காரன் ஆனேன். இன்று மூன்று லொறி ஓடுகிறது. தோட்டத்து மைதானத்துக்கு நேர் மேலே, ரோட்டு வளைவில், மாடி வைத்த வீடு என்னுடையது. ரயிலில் போகிறவர்களுக்கும் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது அப்படி. இதில் எழுத்துப் பிழை இருந்தால் மருமகள் திருத்துவாள். விஷயத்தில் பிழை இருக்காது.

மருமகள் பண்டாரவளைப் பெண். பதுளையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். என் மூத்த மகனைக் கட்டிக்கொண்டு வந்தபோது மற்றப் பெண்களைப் போல அலுமாரியும் தையல் மெஷினும் கொண்டுவரவில்லை. பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் படிப்பித்தவர் ஓய்வுபெறும்போது கொடுத்த தொலைநோக்கியைப் பிள்ளையைச் சுற்றுவதுபோலப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். "பொண்ணு வருதா, பீரங்கி வருதா?" என்று என் மனைவி என் காதில் கேட்டாள்.

வந்த நாளிலிருந்து அந்தப் பீரங்கி என்னை ஓர் இடத்தில் உட்கார விடவில்லை. எனக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் சோறு இறங்காது.

அவள் பார்க்கிற நட்சத்திரங்கள் எல்லாம் இளசுகள், இன்னும் உருவாகி முடியாதவை. திருவாதிரைக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் நிற்குமே, அந்தப் பக்கத்து வானத்தில் பெரிய தூசி மேகங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள்ளே பிறந்தவை. ஒவ்வொன்றையும் சுற்றித் தட்டு மாதிரி வாயுவும் தூசியும் சுழல்கிறது. அந்தத் தட்டிலிருந்து உள்ளே விழுவதைத் தின்றுதான் நட்சத்திரம் வளர்கிறது. சாதாரண நாளில் கொஞ்சம் கொஞ்சமாக விழும். சில சமயம் தட்டின் உள்பக்கத்தில் சரக்கு சேர்ந்து சேர்ந்து நின்று, ஒரேயடியாகச் சரியும். அப்போது அந்த நட்சத்திரம் முன்னே இருந்ததைவிடப் பல மடங்கு, சில வேளை நூறு மடங்குகூடப் பிரகாசமாகிவிடும்.

அடுப்பில் ஒரு கட்டு விறகை ஒன்றாகத் தள்ளியது மாதிரியா என்று கேட்டேன்.

"இல்ல மாமா. அங்க எதுவும் எரியல. விழுறது மட்டுந்தான். விழுற வேகந்தான் சூடாகுது" என்றாள்.

இரண்டொரு நாள் இதை மண்டைக்குள் போட்டுக்கொண்டு அலைந்தேன். எரியாமல் எப்படி வெளிச்சம் வரும்? பிறகு எல்லயிலிருந்து வெல்லவாய போகிற இறக்கத்தில் ஒரு நாள் நானே லொறியை இறக்கிக்கொண்டு போனபோது பிடிபட்டது. முழுப் பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் டிரம் புகைய ஆரம்பிக்கும். இன்னும் மிதித்தால் இருட்டில் சிவப்பாகத் தெரியும். அங்கே யாரும் நெருப்பு வைக்கவில்லை. இறங்குகிற பாரம்தான் உரசி உரசிச் சூடாகிறது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இதைத்தான் அடுத்த வாரம் வகுப்பில் சொல்லப்போகிறேன் என்றாள். சொன்னாளாம். பேராசிரியர்களிடமும் சொல்லியிருப்பாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்படிப் பிரகாசமாகிற நட்சத்திரங்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் ஏறினால் பல பத்து வருடம் அப்படியே நிற்கும். மற்றது சில மாதத்தில் இறங்கிவிடும். பிறகு சில வருடம் கழித்து மறுபடி ஏறும். ஏறியவுடனே இது எந்த ரகம் என்று யாராலும் சொல்ல முடியாது. நாள்தோறும் அளந்துகொண்டே வர வேண்டும். பக்கத்திலே மாறாமல் நிற்கிற நட்சத்திரங்களைத் தராசுப் படிக்கல்லாக வைத்து, அதைவிட இது எவ்வளவு என்று மருமகள் கணக்குப் பார்ப்பாள். அந்தக் கணக்கில் வெளிச்சம் கூடினால் எண் குறையும், வெளிச்சம் குறைந்தால் எண் கூடும். எத்தனையோ கணக்கை வாயாலேயே போட்டவன் நான். எனக்குப் பிடிக்காத கணக்கு இது ஒன்றுதான்.

தை மாதத்தில் அந்த மேகத்துக்குள்ளே ஒரு நட்சத்திரம் திடீரென்று ஏறிவிட்டது என்று செய்தி வந்தது. உலகம் முழுக்க, இவளைப் போல வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அதை அளக்க ஆரம்பித்தார்கள். இவளும் வானம் தெளிந்த மாலைகளில் அளந்து, எல்லோருடைய அளவும் சேர்கிற இணையதளத்துக்கு அனுப்பினாள். நான் காலையில் எழுந்தவுடன் கேட்கிற முதல் கேள்வி, "நிக்குதா, எறங்குதா?" என்பதுதான். நிற்கிறது என்பாள். மாசி பிறந்த பிறகு, கொஞ்சம் இறங்குகிற மாதிரி இருக்கிறது, ஆனால் நிச்சயம் இல்லை என்றாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏறினது நிற்க வேண்டாமா? ஊரில் பாதிப் பேரிடம் அது என் பேரன் காலம் வரைக்கும் நிற்கும் என்று சொல்லிவிட்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மாலை பாடசாலையிலிருந்து வந்தவள், கைப்பையைக்கூட வைக்காமல் போனை என்னிடம் நீட்டினாள். இந்தியாவில் ஒரு மலை உச்சியில் இருக்கிற பெரிய தொலைநோக்கியில் வேலை செய்கிற ஓர் அம்மா எழுதியிருந்தார். அடுத்த நாள் மாலை ஏழே காலிலிருந்து ஏழே முக்கால் வரைக்கும் அந்தத் தொலைநோக்கியை இந்த நட்சத்திரத்தின் மேல் திருப்பப் போகிறார்கள். வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து, வாயு எவ்வளவு வேகத்தில் உள்ளே விழுகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கருவி ஓர் ஒடுக்கமான இடுக்கு வழியாகத்தான் வெளிச்சத்தை வாங்கும். மொத்த வெளிச்சம் எவ்வளவு என்று அதே நேரத்தில் வேறு ஒருவர் அளந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், விழுகிறது என்று தெரியும், எவ்வளவு விழுகிறது என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் இருட்டில் இருக்கிற நம் பக்கத்து ஆட்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் ஊரில் மழை, மற்றவருடைய கமரா பழுது. நீங்கள் அளப்பீர்களா என்று கேட்டிருந்தார்.

"மாமா, இதுவரைக்கும் நானா அளந்து நானா அனுப்புவேன். யாரு பாக்குறாங்கன்னுகூடத் தெரியாது. இப்பதான் மொத மொதல்ல எங்கிட்ட ஒருத்தர் கேக்குறாங்க" என்றாள்.

அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள்.

அளந்துவிடலாம், அதற்கென்ன என்றேன். அவள் ஜன்னல் வழியாகக் கீழே மைதானத்தைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளை மாலை ரதி கல்யாணம்.

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். அமாவாசை கழிந்து கம்பம் நட்டால், சிவன் காமனை எரிக்கிற நாள் வரைக்கும் ஒவ்வொரு மாலையும் மைதானத்தில் தப்பு மேளச் சத்தம்தான். அதில் ரதிக்கும் காமனுக்கும் கல்யாணம் நடக்கிற நாள் பெரிய நாள். விளையாட்டுக் கல்யாணம் என்று யாரும் நினைப்பதில்லை. தோட்டத்தின் மேல் டிவிசன் பெண் வீடு, கீழ் டிவிசன் மாப்பிள்ளை வீடு. இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தட்டு எடுத்து, சீர் கொண்டுவந்து, சண்டை போட்டு, சமாதானமாகித்தான் தாலி ஏறும். ரதியாக வேஷம் கட்டுகிறவன் ஆண்பிள்ளைதான். ஆனாலும் அன்று அவனைப் பெண் மாதிரியே அழைத்து வருவார்கள்.

நான் மேல் டிவிசன்காரன். பெண் வீட்டு ஆள். இந்த வருடம் கூத்துக்கு ஜெனரேட்டரும் இரண்டு ஃபோக்கஸ் லைட்டும் கொடுத்தவன் நான்தான். பந்த வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்த காலம் போகட்டும் என்று, உயரமான மூங்கிலில் கட்டி, பகல் மாதிரி ஆக்கினேன். கம்பம் நட்ட அன்று ஒலிபெருக்கியை வாங்கி, நான் இருக்கிற வரைக்கும் காமன் பொட்டலில் இருட்டு கிடையாது என்று சொன்னேன். கைதட்டினார்கள்.

அந்த லைட் மேடையைப் பார்த்து நிற்கிறது. மேடைக்கு நேர் பின்னால் மேட்டில் என் வீடு. வெளிச்சம் மேடையைத் தாண்டி ஏறி, நேராக மாடித் தளத்துக்கு வந்துவிடும். முதல் மாலையே மருமகள் தொலைநோக்கியில் கமரா மாட்டி எடுத்த படமெல்லாம் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போனது. லொறியை மூடுகிற படங்கைத் திரையாகக் கட்டிக் கொடுத்தேன். ஆனாலும் மாலையில் பள்ளத்திலிருந்து பனி ஏறுமே, அந்தப் பனியில் பட்டு வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவுகிறது. வளர்பிறை நிலா வெளிச்சத்தைக் கணக்கில் கழித்துவிடலாமாம். கண்டபடி மினுங்குகிற ஃபோக்கஸ் லைட்டைக் கழிக்க முடியாதாம். தூணைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கலாமா என்றால், அது நான் கட்டிய தூண். பெயர்க்கிற மாதிரி நான் எதையும் கட்டுவதில்லை.

"நீங்க சும்மா இருங்க மாமா. நான் படங்க இன்னும் கொஞ்சம் ஒசத்திக் கட்டிப் பாக்குறேன்" என்றாள்.

சும்மா இரு என்று யாராவது சொன்னால் எனக்குக் கால் தானாக நடக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு இறங்கினேன்.

கூத்து வாத்தியார் என் வயதுக்காரர். கங்காணியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராவில் பிறந்தோம். சின்ன வயதிலிருந்தே என்னை ஒரு விஷயத்திலும் ஜெயிக்க விடக் கூடாது என்பது அவருக்கு நேர்த்திக்கடன் மாதிரி. தப்பை நெருப்பில் காட்டிக் காய வைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மொதலாளி. கொடுத்த லைட்டு பத்திரமா இருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

"லைட்டு விசயமாத்தான் மச்சான் வந்தேன். நாளைக்கு ஏழே கால்லேருந்து ஒரு அரை மணி நேரம் நிறுத்தி வைக்கணும்."

தப்பைத் திருப்பி நெருப்பில் காட்டினார். "கல்யாண வீட்டுல வெளக்க நிறுத்தச் சொல்லுற. ஒம் மகன் கல்யாணத்துல நான் வந்து கரண்ட நிறுத்துனா நீ என்ன செஞ்சிருப்ப?"

விஷயத்தைச் சொன்னேன். மருமகள், இந்தியா, நட்சத்திரம், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். அந்த நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். இன்று நாம் பார்க்கிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறது என்று மருமகள் சொன்னதைச் சொன்னேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"ஆயிரம் வருசம் பொறுத்தது, தாலி கட்டி முடியிற வரைக்கும் பொறுக்காதா?"

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் சிரிப்புக்கு நடுவில்தான் எனக்குச் சரியான பேச்சு வரும். அப்படித்தான் நான் லொறிக்காரன் ஆனேன்.

"மச்சான், நீ கங்காணி. இன்னைக்குக் கிள்ளுன கொழுந்த நாளைக்குத் தராசுல நிறுத்தா என்ன ஆகும்?"

"செவந்து போகும்."

"அதேதான். இன்னைக்கு வந்து விழுற வெளிச்சத்த இன்னைக்குத்தான் நிறுக்கணும். நாளைக்கு வர்றது வேற கொழுந்து."

சிரிப்பு நின்றது. கொழுந்து லொறி ஒரு மணி நேரம் பிந்தினால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வாத்தியார் தப்பைக் கீழே வைத்தார். சீர் வந்து இறங்கிய பிறகு நிறுத்தலாம் என்றார். மேடையில் குத்துவிளக்கும் இரண்டு பந்தமும் எரியும், அவற்றில் கை வைக்கக் கூடாது. தாலி முகூர்த்தம் ஏழே முக்கால். அப்போது லைட் எரிந்தாக வேண்டும். இருட்டில் தாலி ஏறினால் கீழ் டிவிசன்காரன் ஒரு வருடத்துக்குப் பேசுவான்.

"ஆனா சனத்துக்கு நீதான் சொல்லணும். அரை மணி நேரம் இருட்டுல எதுக்கு உக்காந்திருக்கோம்னு கேப்பாங்க. அதுக்கு நான் பொறுப்பு இல்ல."

அந்த இடத்தில் நான் சொன்னதை இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன். எல்லோருக்கும் கேட்கும்படி எழுந்து நின்று, நாளைக்கு ஏழே காலுக்கு வானத்தில் ஒரு நட்சத்திரம் கொழுந்துவிட்டு எரியப் போகிறது, லைட்டை நிறுத்தினால்தான் கண்ணுக்குத் தெரியும், எல்லோருக்கும் நானே காட்டுகிறேன் என்றேன். ஒரு மணி நேரத்துக்குள் செய்தி கீழ் டிவிசன் வரைக்கும் போய்விட்டது.

அடுத்த நாள் மருமகள் வேலையிலிருந்து வந்த முகம் சரியில்லை. பஸ்ஸில் ஏறினது முதல் ஆளுக்கு ஆள் கேட்டார்களாம், டீச்சர், இன்றைக்கு நட்சத்திரம் வெடிக்கப் போகிறதாமே என்று.

"மாமா, அது கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு பிரகாசமானாலும் தெரியாது. தெரிஞ்சா எனக்கு எதுக்குத் தொலைநோக்கி?"

"லைட்ட நிறுத்துறாங்களா இல்லையா?"

"நிறுத்துறாங்க. ஆனா பொய் சொல்லி..."

"நட்சத்திரம் இருக்கா இல்லையா? எரியுதா இல்லையா? சரி, எரியல, விழுது. விழுதா இல்லையா? பிறகு எது பொய்?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டாள். என் மனைவி உள்ளே இருந்து, இன்றைக்கு மானம் போகிற நேரத்தையும் அந்த இந்தியா அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

மாலை ஆறு மணிக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இருட்டியதும் மூன்று நட்சத்திரமும் தலைக்கு மேலே வந்து நின்றன. நான் மாடிக்கும் மைதானத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் மருமகள் படிக்கட்டு வாசலில் வந்து நின்றாள். தளத்தில் யாராவது நடந்தால் படத்தில் நட்சத்திரம் இழுபட்டுக் கோடாகிறதாம். தூண் அசையாது, உன் கமராதான் அசைகிறது என்றேன். எதுவானாலும் மேலே வராதீர்கள் என்றாள். முடிந்ததும் சிவப்புத் தாள் ஒட்டிய டோர்ச்சைப் படங்குக்கு மேலே தூக்கிக் காட்டுவதாகச் சொன்னாள். அதைப் பார்த்த பிறகுதான் லைட்டைப் போட வேண்டும்.

ஏழு மணிக்குச் சீர் வந்தது. ஏழே காலுக்கு ஜெனரேட்டர் பக்கத்தில் நானே நின்று லைட்டை நிறுத்தினேன். மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. பந்தத்தின் புகையும் குத்துவிளக்கின் சின்னச் சுடரும் மட்டும் மேடையில். எல்ல டவுன் பக்கம் வானம் ஹோட்டல் விளக்குகளால் மஞ்சளாக இருந்தது, அது எனக்கு அடங்காது. நான் மேலே பார்த்தேன். நமுனுகுலை மலைப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து, சரியாக மூன்று நட்சத்திரத்தின் மேலேயே படர்ந்து நின்றது.

என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை லொறி நடுமலையில் நின்றுபோயிருக்கிறது. அப்போதெல்லாம் இறங்கிக் கையை வைத்து எதையாவது செய்வேன். மேகத்தை என்ன செய்வது? வேலியோரம் போனேன், வந்தேன். ஏழு இருபது. ஏழு இருபத்தைந்து. ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"மேகம் வெலகட்டும்."

மேகம் விலக ஆரம்பித்தது. மூன்றில் ஒன்று தெரிந்தது, பிறகு இரண்டு. மேலே மாடியில் அவள் ஆரம்பித்திருப்பாள் என்று நினைத்தேன். நான் கையை நீட்டி, அந்த மூன்றுக்குப் பக்கத்தில் பாருங்கள் என்றேன்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. ஆளாளுக்கு ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மேல் டிவிசன் பெண்கள் வெள்ளையாகக் கண்ணைப் பறிக்கிற ஒன்றைக் காட்டி அதுதான் என்றார்கள். கீழ் டிவிசன்காரர்கள் சிவப்பாக நிற்கிற ஒன்றைக் காட்டினார்கள்.

"அது திருவாதிரைய்யா. எங்கப்பன் காலத்துலேருந்து அங்கதான் நிக்குது."

"செவப்பா எரியிறதுதான எரியிறது? ஓங்க நட்சத்திரம் டியூப் லைட்டு மாதிரி இருக்கு."

"அங்க பாரு, ஒண்ணு நகருது."

"அது கட்டுநாயக்கா போற பிளேன், சும்மா இரு."

எது என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்று சொன்னால் எது என்பார்கள். நன்றாகப் பாருங்கள், உங்களுக்கே தெரியும் என்று சொல்லிவிட்டு நேரத்தைப் பார்த்தேன். ஏழு நாற்பது. மேகத்தால் அவளுக்குப் பாதி நேரம் போய்விட்டிருந்தது. மாடியில் சிவப்பு வெளிச்சம் இல்லை.

ஏழு நாற்பத்து மூன்று. கீழ் டிவிசன் பக்கமிருந்து ஒரு குரல், முகூர்த்தம் நெருங்குகிறது, லைட்டைப் போடுங்கள் என்றது. இன்னொரு குரல், பெண் வீட்டுக்காரர்கள் பெண்ணின் முகத்தைக் காட்டப் பயப்படுகிறார்கள் என்றது. என் கை சுவிட்சில் இருந்தது. போட்டால் அவளுடைய அளவு போய்விடும். போடாவிட்டால் முகூர்த்தம் போய்விடும். மேடையில் வாத்தியார் நின்று இருட்டில் என்னைத் தேடுவது தெரிந்தது. நான் மாடியைக் காட்டிக் கையை விரித்தேன். பந்த வெளிச்சத்தில் அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ.

அவர் தப்பை எடுத்து அடித்தார். தாலிக்கு அடிக்கிற அடி இல்லை அது. கூட்டம் அடங்கியது. ரதியைப் பார்த்து, ஏனம்மா எழுந்து வரமாட்டேன் என்கிறாய் என்று கேட்டார். ரதி வேஷம் கட்டியிருந்தவன் எழுந்து வரத் தயாராகத்தான் நின்றான். வாத்தியார் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டான். வாத்தியார் அவனுக்காகத் தானே பாடினார்.

"வெத்தல வந்திருக்கு, பாக்கும் வந்திருக்கு, வந்த மாமியா மொகத்துல சிரிப்பு மட்டும் வரலியே."

மேல் டிவிசன் பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். கீழ் டிவிசனிலிருந்து ஒரு கிழவி எழுந்து, இருட்டில் சிரித்தால் யாருக்குத் தெரியும் என்று பதிலுக்கு இழுத்துப் பாடினாள். அதற்கு இங்கிருந்து ஒருத்தி, பல்லிருந்தால் இருட்டிலும் தெரியும் என்றாள். அந்தக் கூத்தில் இப்படி ஒரு கட்டம் எப்போதும் இருந்ததில்லை. நின்ற இடத்தில் நின்று அவர் கட்டிக்கொண்டே போனார். ரதிக்குக் கோபம், காமனுக்குக் கோபம், சம்பந்தி சண்டை. ஜனங்கள் முகூர்த்தத்தை மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. என் சட்டை முதுகில் ஒட்டியது.

படங்குக்கு மேலே சிவப்பாக ஒரு புள்ளி உயர்ந்தது. சுவிட்சைப் போட்டேன். வாத்தியார் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அடியை மாற்றினார். தாலி ஏறியது. முகூர்த்தம் தாண்டியதா இல்லையா என்று கேட்டவர்களிடம், தன் கையில் கட்டியிருக்கிற மணிக்கூடுதான் தோட்டத்துக்கு மணிக்கூடு என்று அவர் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் சமையலறையில் நின்றபடியே லெப்டொப்பில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் படத்தில் மேகம், மீதி நன்றாக இருக்கிறது, போதும் என்றாள். மகன் சாப்பிடக் கூப்பிட்டும் அசையவில்லை. எண்ணை அனுப்பிவிட்டுத்தான் கை கழுவினாள். பதில் அன்று வரவில்லை. எனக்குத் தூக்கமும் வரவில்லை.

காலையில் பஸ்ஸிலிருந்து போன் வந்தது. புருஷனுக்கு எடுக்கவில்லை, எனக்குத்தான் எடுத்தாள்.

"மாமா, எடுத்துக்கிட்டாங்க. என் அளவ வச்சுத்தான் எல்லாக் கணக்கும் போட்டிருக்காங்களாம்."

"நிக்குதா, எறங்குதா?"

"எறங்குது மாமா. இப்ப நிச்சயம். ஆனா வாயு இன்னும் வேகமா விழுந்துக்கிட்டேதான் இருக்கு. அதனால எப்படி எறங்குதுன்னு விடாம பாக்கணுமாம். தெனமும் அளந்து தர முடியுமான்னு கேக்குறாங்க."

முடியும் என்று எழுதிவிடச் சொன்னேன். அவள் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தாள்.

அது குறுகிய கால ரகம் என்று தெரிந்ததில் எனக்கு மனக்குறைதான். பேரன் காலம் வரைக்கும் என்று சொன்ன வாயால் இனி என்ன சொல்வது? ஆனால் அதைவிடப் பெரிய வேலை முன்னால் இருந்தது. கூத்து முடிய இன்னும் எத்தனையோ மாலை இருந்தது. பகல் முழுக்க, வாத்தியாரிடம் எப்படிப் பேசுவது என்று வளவுக்குள் நடந்து நடந்து வார்த்தை சேர்த்தேன். மாலையில் அவர் வீட்டு வாசலுக்குப் போனால், நான் வாயைத் திறக்குமுன், "இன்னைக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டார். நேற்றைய சம்பந்திச் சண்டை இன்றைக்கும் வேண்டும் என்று இரண்டு டிவிசனும் அவரைப் பிடித்துக்கொண்டதாம். இருட்டில்தான் வாய் நன்றாக வருகிறதாம் பெண்களுக்கு.

அன்று ஏழே காலுக்கு நான் ஜெனரேட்டரிடம் போவதற்குள் யாரோ லைட்டை நிறுத்திவிட்டார்கள். லயத்து வாசல் பல்புகளும் ஒவ்வொன்றாக நின்றன. மேல் டிவிசன், கீழ் டிவிசன், கோயில் வாசல், எல்லாம் இருட்டு. மலை முழுக்க ஒரே ஒரு வெளிச்சம்தான் மிச்சம். என் வீட்டுச் சமையலறை ஜன்னல்.

ஓடிப்போய்ச் சமையலறைச் சுவிட்சில் கை வைத்தேன்.

"ஊருக்கெல்லாம் சொன்னீங்க, எனக்குச் சொன்னீங்களா? பருப்பு அடுப்புல இருக்கு" என்றாள் மனைவி.

மெதுவாக நிறுத்தினேன். காஸ் அடுப்பின் நீலச் சுடர் மட்டும் தெரிந்தது. மேலே மாடியில் கமரா ஒரு தடவை சத்தம் போட்டு அடங்கியது. மனைவி இருட்டிலேயே பருப்பைக் கிண்டிக்கொண்டு, எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டாள்.

அந்த நட்சத்திரம் மேற்கே சாய்ந்து சூரிய வெளிச்சத்துக்குள் மறைகிற வரைக்கும் அளக்க வேண்டும் என்று மருமகள் சொல்லியிருந்தாள்.

"சித்திரை வரைக்கும்" என்றேன்.

கரண்டி நின்றது.